மரத்தை வெட்டாத ஆடுகளம்

ஆடுகளம் என்றவுடன் வெட்டவெளியே நம் நினைவிற்கு வருகின்றது. காற்பந்தாயினும் கிரிக்கெட்டாயினும் இறகுப்பந்தாயினும் முதற்கண் செய்யப்படும் வேலை நிலத்தைச் சமன் செய்தல். அதற்கும் முன்னர்ச் செய்யப்படும் வேலை மரத்தை வெட்டுதல். மரம் நிற்கும் இடத்தில் ஆட்டம் இல்லை, ஆட்டம் நடக்கும் இடத்தில் மரம் இல்லை என்பது எழுதாச் சட்டமாகவே ஆகிவிட்டது. இச்சட்டத்திற்கு விலக்காக, மரம் இல்லையேல் சுவையே இல்லை என்னும்படி அமைந்த ஆட்டம் ஒன்று உலகில் உண்டு. மேனாட்டார் அதனை டிஸ்க் கோல்ப் என்பர். நாம் இக்கட்டுரையில் தட்டெறி ஆட்டம் என்று வழங்குவோம்.

இதன் வரலாற்றை ஆண்டு மலரில் எழுதப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. வைட்டிலாவிற்கு 2011 ஆம் ஆண்டில் மொபிலிட்டி ஹப் என்னும் பெரும் பேருந்து நிலையம் வந்தது. 2019 இல் மெட்ரோ வந்தது. 2021 இல் மேம்பாலம் திறக்கப்பட்டது. 2023 இல் காக்கநாட்டிற்கு நீர் மெட்ரோப் படகும் ஓடத் தொடங்கியது. இவ்வூரை விட்டு வேறு இடம் செல்வதற்கு வழிகள் பல; இவ்வூரிலேயே இருந்து நம் பிள்ளைகள் ஓடியாடுவதற்கு இடந்தான் இல்லை. இக்குறையை உணர்ந்த அன்பர் ஒருவர் தம் தோட்டத்தில் ஏறத்தாழ 60 சென்ட் நிலத்தை நம் சங்கத்துப் பிள்ளைகள் ஆடுவதற்கு விட்டுக்கொடுத்துள்ளார். அதில் அயினி, மா, பலா, தேக்கு, தென்னை என மரங்கள் நிற்கின்றன. அவற்றுள் ஒன்பதை வெட்டி இறகுப்பந்துக் களம் அமைக்கலாம் என்று சென்ற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வந்ததும், இரு பக்கமும் குரல் உயர்ந்ததும், முடிவு அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டதும் அன்பர்கள் அறிந்தவையே. நாம் வெட்டலாகாது என்னும் பக்கத்தவர்; அதனை மறைக்கவில்லை. ஆயினும் வெறும் இரக்கத்தைக் காட்டி வாதிடுவதினும், மரத்தை வெட்டாமலே ஆடலாம் என்று உலகில் ஒரு சாரார் செய்து காட்டிய வரலாற்றை எடுத்துரைப்பதே நன்று என்று கருதினோம்.

தட்டெறி ஆட்டத்தின் தாய், கோல்ப். ஆகவே தாயின் கதையைச் சிறிது கூற வேண்டும். இஃது ஸ்காத்லாந்தில் வளர்ந்த ஆட்டம். 1457 ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பேரவை, மக்கள் வில்வித்தையை மறந்து இவ்வாட்டத்திலேயே மூழ்குகின்றனர் என்று அஞ்சித் தடை விதித்தது. தடையை மக்கள் பொருட்படுத்தவில்லை. செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் ஊரில் 22 ஆக இருந்த குழிகளை 1764 இல் 18 ஆகக் குறைத்தனர். அவ்வூர்க் கணக்கே பின்னர் உலகத்தின் கணக்காயிற்று. நம் நாட்டிற்கு இவ்வாட்டம் ஆங்கிலேயருடன் கப்பலேறி வந்தது. கல்கத்தாவில் 1829 லும், பெங்களூரில் 1876 லும் சங்கங்கள் தோன்றின. இலங்கையின் நுவரெலியாவில் 1889 இலும், நம் கொடைக்கானலில் 1895 இலும் குளிர்ந்த மலைச்சாரல்களில் களங்கள் அமைந்தன.

கொச்சியிலும் ஒன்று உண்டு. எர்ணாகுளம் படகுத்துறையில் நின்று நோக்கினால் எதிரே தெரியும் போல்காட்டித் தீவில் 1744 ஆம் ஆண்டு உலாந்தா வணிகர் ஒரு மாளிகை கட்டினர். 1909 இல் அது பிரித்தானியருக்குக் குத்தகைக்கு விடப்பட்டு, கொச்சி அரசில் அவர்தம் பிரதிநிதி உறையும் இல்லமாயிற்று. இன்று அஃது அரசினர் நடத்தும் விடுதி. அதனை அடுத்து 9 குழிகள் கொண்ட கோல்ப் களம் உள்ளது. நம்மில் பலர் படகிலோ, 2004 இல் திறக்கப்பட்ட கோசிறீப் பாலத்தின் மீதோ சென்றபோது அப்பசும்புல்லை எட்ட நின்று கண்டிருப்போம்.

எட்ட நின்று காண்பதே அவ்வாட்டத்தில் நம்மவர்க்கு நெடுங்காலம் கிடைத்த பங்கு. ஆங்கிலேயர் ஆட்சியில் பெரும்பாலான சங்கங்களில் உறுப்பினர் வெள்ளையரே. உள்ளூர் மக்கள் அக்களங்களுள் நுழைந்தது புல் வெட்டவும், ஆடுவோரின் கோற்பையைச் சுமக்கவும், தொலைந்த பந்தைத் தேடவுமே. அந்நிலை இன்று இல்லை. எனினும் 18 குழிக் களம் ஒன்றிற்கு நூறு ஏக்கருக்கும் மேல் நிலம் வேண்டும். நாள்தோறும் நீர் வேண்டும். புல்லுக்கு உரமும் மருந்தும் வேண்டும். ஆடுபவர்க்கோ ஒரு பை நிறையக் கோல்கள் வேண்டும். மாதச் சம்பளக்காரன் நெருங்கக்கூடிய ஆட்டமன்று இது. இத்தகைய தாய்க்கு எளிய பிள்ளை எங்ஙனம் பிறந்தது என்பதே இனிச் சொல்லப்போகும் கதை.

பொருளை எறிந்து இலக்கில் சேர்த்தல் மனிதனின் பழைய இன்பங்களுள் ஒன்று. நம் பிள்ளைகள் சில்லெறிந்து நொண்டியாடினர். குளத்துநீரில் ஓட்டாஞ்சில்லைத் தத்தித் தத்திச் செல்லுமாறு வீசினர். கனடா நாட்டின் பிளாட்வொர்த் என்னும் சிற்றூரில் 1926 ஆம் ஆண்டளவில் ரோனால்ட் கிப்சன் என்ற சிறுவனும் அவன் தோழரும் தகர டப்பாக்களின் மூடிகளைப் பள்ளி மைதானத்தில் எறிந்து ஆடினர். மணலில் 4 அடி அகலத்தில் வட்டங்கள் வரைந்து, அவற்றுள் மூடியை விழச்செய்வதே ஆட்டம். தகரமூடிக் கோல்ப் என்று அதற்குப் பெயரும் இட்டனர். கோலும் இல்லை, பந்தும் இல்லை, புல்வெளியும் இல்லை. ஏழைப் பிள்ளைகள் செல்வர் ஆட்டத்தைத் தம் கைக்கு எட்டும்படி செய்துகொண்ட முதல் முயற்சி என்று இதனைக் கூறலாம். ஆனால் அஃது அவ்வூரை விட்டு வெளியே பரவவில்லை.

பறக்கும் தட்டின் கதை வேறு வழியில் வந்தது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துப் பிரிட்ஜ்போர்ட் நகரில் 1871 இல் வில்லியம் பிரிஸ்பி என்பார் பணிகாரக் கடை ஒன்று தொடங்கினார். அக்கடையின் தகரத் தட்டுகளைக் கல்லூரி மாணவர் ஒருவர்க்கொருவர் வீசி விளையாடினர் என்பர். மேற்குக் கரையில், கலிபோர்னியாவில், பிரெட் மாரிசன் என்னும் இளைஞர் 1937 இல் ஒரு டப்பா மூடியைத் தாம் மணக்கவிருந்த பெண்ணுடன் வீசி ஆடினார். மறு ஆண்டு கடற்கரையில் இருவரும் ஒரு கேக் தட்டை வீசி ஆடிக்கொண்டிருந்தபோது, கண்டவர் ஒருவர் அதனை 25 சென்ட் கொடுத்து வாங்க முன்வந்தார். கடையில் அதன் விலை 5 சென்ட். வணிகம் அங்கே தொடங்கியது. பின்னர்ப் போர் வந்தது. மாரிசன் போர் விமானியாகிப் பகைவரிடம் சிறையும் பட்டார். விமானம் ஓட்டியவர்க்குக் காற்றின் இயல்பு தெரியாமற் போகுமா? போர் முடிந்தபின், 1948 இல் ஒரு கூட்டாளியுடன் பிளாஸ்டிக்கில் பறக்கும் தட்டு செய்தார். 1955 இல் அதனைத் திருத்தி அமைத்தார். 1957 சனவரியில் வாம்-ஓ என்னும் பொம்மைக் குழுமம் அவரிடமிருந்து உரிமையை வாங்கியது. அவ்வாண்டே அதற்குப் பிரிஸ்பி என்ற பெயர் சூட்டப்பட்டது. பணிகாரக் கடையோ அடுத்த ஆண்டு, 1958 இல், மூடப்பட்டது. கடை மறைந்து பெயர் மட்டும் பறந்து திரிவது ஊழின் விளையாட்டே.

இத்தட்டைக் கொண்டு கோல்ப் ஆடலாம் என்ற எண்ணம் ஒருவர்க்கு மட்டும் தோன்றியதன்று. 1965 இல் ஜார்ஜ் சாப்பன்பீல்டு என்னும் கல்லூரி மாணவர் கோடை விடுமுறையில் சிறுவர்களுக்கு விளையாட்டுக் காட்டும் பணியில் இருந்தார். தாம் கோல்ப் ஆடிக்கொண்டிருந்தபோது, இதனையே பிள்ளைகள் பிரிஸ்பியால் ஆடினால் என்ன என்று அவர்க்குத் தோன்றிற்று. கிடைத்த பொருள்களையெல்லாம் இலக்காக வைத்து ஆடச் செய்தார். பின்னர் அவர் விளையாட்டு அலுவலராகப் பணியாற்றிய ஊரின் பெயருக்கு ‘ஆயிரம் ஓக் மரங்கள்’ என்று பொருள், பொருத்தமே. நாட்டின் மறுகோடியில் ராசெஸ்டர் நகரத்து இளைஞர் 1970 முதலே இவ்வாறு ஆடிவந்தனர். 1974 இல் அவர்கள் நடத்திய போட்டிக்குப் புதிய டாட்சன் மோட்டார் வண்டியைப் பரிசாக வைத்தனர்.

இவ்வாறு சிதறிக் கிடந்த ஆட்டத்திற்கு வேரும் நிலமும் தந்தவர் எட் ஹெட்ரிக். 1924 இல் பிறந்தவர். 1964 இல் வாம்-ஓ குழுமத்தில் சேர்ந்தவர். தட்டின் மேற்புறத்தில் வட்ட வட்டமாக மெல்லிய வரிப்பள்ளங்களை அமைத்து, அது காற்றில் தள்ளாடாது செல்லுமாறு செய்து, 1967 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பொம்மையாக இருந்தது அன்றுமுதல் கருவியாயிற்று. ஆயினும் நாம் பெரிதாக மதிப்பது அதனையன்று. 1975 இல் அவர் செய்த செயலையே.

கலிபோர்னியாவில் பாசடீனா நகரை அடுத்து லா கன்யாடா பிளின்ட்ரிட்ஜ் என்னும் ஊர் உள்ளது. அங்கே அரோயோ செக்கோ என்ற வறண்ட ஆற்றின் ஓரமாக ஓக் குரோவ் பூங்கா இருந்தது. ஓக் தோப்பு என்பதே பெயரின் பொருள். பூங்கா என்றவுடன் பாத்தி கட்டிய பூஞ்செடிகளை எண்ணற்க; மேடும் பள்ளமும் சருகுமாக, முதிர்ந்த ஓக் மரங்கள் கிளைபரப்பி நிற்கும் இயற்கையான காட்டுநிலம் அது. அருகிலேயே விண்வெளிக்கலம் செய்யும் புகழ்பெற்ற ஆராய்ச்சிக்கூடம். 1936 இல் சில மாணவர்கள் தம் முதல் ராக்கெட்டைச் சோதித்தது அவ்வாற்றுப் படுகையிலேதான். வானில் ஒன்றைச் செலுத்திப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அம்மண்ணுக்கே உரியது போலும்!

அந்தத் தோப்பில் ஹெட்ரிக் உலகின் முதல் நிலையான தட்டெறி களத்தை அமைத்தார். மரம் எதனையும் அகற்றிக் களம் காணவில்லை. மரங்களுக்கு இடையே இருந்த இடைவெளிகளே வழிகளாயின. இலக்காகத் தரையில் கம்பங்கள் நடப்பட்டன. எறிந்த தட்டு கம்பத்தைத் தொட்டால் அவ்விலக்கு முடிந்தது. பொதுப்பூங்கா ஆகையால் நுழைவுச்சீட்டு இல்லை. உறுப்பினர் கட்டணம் இல்லை. இன்னார் வரலாம், இன்னார் வரலாகாது என்னும் பலகை இல்லை. ஒரே ஒரு தட்டைக் கையில் கொண்டுவந்தவன் எவனும் ஆடலாம்.

கம்பத்தில் ஒரு தொல்லை இருந்தது. தட்டு பட்டது என்பான் எறிந்தவன். படவில்லை என்பான் எதிரி. தூரத்தில் நிகழ்வதை யார் கண்டது? வாய்ச்சண்டை ஓயவில்லை. இதனைத் தீர்க்க ஹெட்ரிக் தம் மகன் கென் என்பாருடன் ஒரு கருவி செய்தார். கம்பத்தின் உச்சியில் ஒரு வளையம். அதிலிருந்து தொங்கும் சங்கிலிகள். கீழே ஒரு கூடை. எறிந்த தட்டு சங்கிலியில் மோதி, வேகம் இழந்து, கூடையுள் விழும். விழுந்தால் வெற்றி, விழாவிடில் இல்லை. சங்கிலி கலகலவென ஒலிப்பதால் தொலைவில் நிற்பவர்க்கும் செய்தி தெரியும். 1977 இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. வழக்கை ஒழிக்கும் கருவி ஒன்று வந்தால் ஆட்டம் வளரும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. 1976 இல் ஆட்டக்காரர் சங்கத்தையும் அவரே தோற்றுவித்து, முதல் எண்ணுள்ள உறுப்பினர் ஆனார்.

ஆட்டத்தின் முறை எளிது. தொடக்க மேடையில் நின்று கூடையை நோக்கித் தட்டை எறிய வேண்டும். விழுந்த இடத்திலிருந்து மீண்டும் எறிய வேண்டும். கூடையில் சேரும்வரை எத்தனை எறிகள் என்பதே கணக்கு. 18 கூடைகளையும் குறைந்த எறிகளில் முடித்தவர் வென்றவர். தட்டின் குறுக்களவு 21 செண்டிமீட்டர் அளவில் இருக்கும். எடை பெரும்பாலும் 150 முதல் 180 கிராம் வரை. 1983 இல் டேவ் டனிபேஸ் என்பார் விளிம்பைச் சரிவாகச் செதுக்கிய தட்டை வடித்தபின் அது காற்றைக் கிழித்து நெடுந்தொலைவு செல்லலாயிற்று. தொலைவிற்கு ஒன்று, இடைத்தொலைவிற்கு ஒன்று, கூடையருகே மெல்ல இடுவதற்கு ஒன்று என மூன்று தட்டுகள் இருந்தால் ஒருவர்க்குப் போதும்.

மரம் எங்கே ஆட்டத்திற்குள் வருகின்றது என்பதைச் சற்று விரித்துரைக்க வேண்டும். தட்டு நேர்கோட்டில் செல்வதன்று. வலக்கையால், உடலுக்குக் குறுக்கே கையை இழுத்துப் புறங்கைப்பக்கமாக எறிந்த தட்டு, வேகம் மிக்க தொடக்கத்தில் சிறிது வலப்புறம் ஒதுங்கும். வேகம் தணியத் தணிய இடப்புறம் வளைந்து இறங்கும். பம்பரம் சுழலும் வரை நிற்பதும் சுழற்சி குறையும்போது தலை சாய்வதும் போன்றதே இது. தட்டைச் சாய்த்துப் பிடித்தால் வளைவு மாறும்; உள்ளங்கைப்பக்கமாக எறிந்தால் எதிர்த்திசையில் வளையும். ஆகவே வெட்டவெளியில் வலியவனே வெல்வான். எதிரே மூன்று மரங்கள் நின்றாலோ, எந்த இடைவெளியில், எந்த உயரத்தில், எந்த வளைவில் தட்டைச் செலுத்துவது என்று எண்ணிப் பார்ப்பவன் வெல்வான். தோள்வலி மிக்க இளைஞன் எறிந்த தட்டு அடிமரத்தில் ‘டக்’ என மோதிப் பின்னோக்கி உருள்வதும், அவனுடன் ஆடும் நரைத்த பெரியவர் 20 அடி தூரமே எறிந்து, அடுத்த எறியில் கூடையை அடைவதும் இவ்வாட்டத்தில் புதுமையல்ல. குறித்த ஒரு மரத்தின் இன்ன பக்கமாகவே தட்டு செல்ல வேண்டும் என்று விதிக்கப்பட்ட களங்களும் உண்டு. அங்கே மரமே நடுவர்.

விதிநூலில் நம் மனத்தைக் கவர்ந்த பகுதி ஒன்று உள்ளது. புதரின் நடுவே தட்டு விழுந்துவிட்டால், ஆடுபவர் அங்கு நின்றே எறிய வேண்டும். தமக்கு இடம் செய்துகொள்ளக் கிளையை வளைத்துப் பிடித்தலும் ஒடித்தலும் கூடா. மரஞ்செடிகள் மிகக் குறைவாக அசையும்படியே நிற்க வேண்டும். மீறினால் ஓர் எறி தண்டமாகக் கூட்டப்படும். உதிர்ந்து கிடக்கும் சருகையும் சுள்ளியையும் அப்புறப்படுத்தலாம். உயிருள்ள கிளை களத்தின் உறுப்பு, அதன்மேல் கை வைக்கலாகாது. கிரிக்கெட்டில் பந்து மரக்கிளையில் சிக்கினால் அம்மரத்தைச் சபிக்கின்றோம். இங்கோ அம்மரத்திற்குச் சட்டத்தின் காப்பு இருக்கின்றது.

எறிபொருளின் வளைவை அறிந்து மரத்திடையே செலுத்தும் கலை தமிழனுக்குப் புதிதன்று என்று சில அன்பர்கள் கூறுவர், வளரியை நினைவூட்டுவர். உண்மையே. சிவகங்கைச் சீமையின் மறவரும் கள்ளரும் பிறை போல் வளைந்த வளரியைப் போரிலும் வேட்டையிலும் எறிந்தனர். ஆங்கிலப் படைத்தலைவர் ஜேம்ஸ் வெல்ஷ், வளரி எறியும் வித்தையைத் தமக்குக் கற்பித்தவர் சின்ன மருது என்று தம் நினைவுக் குறிப்பில் நன்றியுடன் எழுதியுள்ளார். வல்லவர் கையில் அது நூறு கெசத்துக்குள் குறி தவறாது என்றும் வியந்துள்ளார். கற்பித்தவரையே எதிர்த்து 1801 இல் அவர் போரிட நேர்ந்தது. அவ்வாண்டில் கர்னல் அக்னியுவின் படை, சிறுவயலிலிருந்து காளையார்கோயிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை அமைக்க வாரக்கணக்கில் முயன்று கைவிட்டது. மருதிருவர்க்குக் காடே கோட்டையாக நின்றது. அக்டோபரில் காளையார்கோயில் வீழ்ந்தது. அம்மாதம் 24 ஆம் நாள் மருதிருவர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். டிசம்பரில் வெளியான அறிக்கையால் மக்கள் படைக்கலம் வைத்திருத்தல் தடுக்கப்பட்டது. வளரிப் பயிற்சியும் தேய்ந்தது. தஞ்சைப் படைக்கலச் சாலையிலிருந்த தந்த வளரிகள் சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன.

எனினும் வளரியிலிருந்தே தட்டெறி ஆட்டம் பிறந்தது என்று உரிமை கொண்டாடுதல் வரலாறு ஆகாது; சங்க மலர்களில் அத்தகைய உரிமைகள் அளவிற்கு மிஞ்சி எழுதப்பட்டுவிட்டன. வளரி பகைவனை வீழ்த்த எறிந்தது. தட்டு கூடையில் விழ எறிவது. இரண்டிற்கும் பொதுவானது ஒன்றே: மரத்தைத் தடையாகக் கருதாமல் துணையாகக் கொள்ளும் கண்.

ஓக் தோப்பில் தோன்றிய ஆட்டம் இன்று உலகில் பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட களங்களில் ஆடப்படுகின்றது. அவற்றுள் பெரும்பாலானவை பொதுப்பூங்காக்களிலும் காட்டோரங்களிலும் கட்டணமின்றித் திறந்திருப்பவை. பின்லாந்து, எஸ்தோனியா ஆகிய நாடுகளில் ஊர்தோறும் இவ்வாட்டம் பரவியுள்ளது. பின்லாந்தின் நோக்கியா நகரத்துக் களம் பன்னாட்டுப் போட்டிகளால் பெயர்பெற்றது. நோக்கியா என்பது கைப்பேசிப் பெயர் என்றே நாம் நினைத்திருந்தோம். ஊரின் பெயர் என்பதை நம் சங்கத்து இளைஞர் ஒருவர் அந்நாட்டில் படித்துத் திரும்பியபோதே அறிந்தோம். அவர் கொணர்ந்த மூன்று தட்டுகளே இக்கட்டுரைக்கு வித்து. ஆட்டத்தில் இப்போது செல்வமும் புகுந்துவிட்டது. 2021 இல் பால் மெக்பெத் என்னும் வீரர் தட்டு செய்யும் குழுமம் ஒன்றுடன் ஒரு கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தார். தகர மூடியில் தொடங்கியது எங்கே வந்து நிற்கின்றது பாருங்கள்!

நம் நாட்டில் இவ்வாட்டம் இன்னும் வேரூன்றவில்லை. ஆனால் இதன் உடன்பிறப்பு வந்துவிட்டது. சென்னை பெசன்ட் நகர்க் கடற்கரையில் விடியற்காலை சென்றால், அதே பறக்கும் தட்டை வைத்து இரு குழுவாகப் பிரிந்து ஆடும் அல்டிமேட் என்னும் ஆட்டத்தைக் காணலாம். ஆணும் பெண்ணும் ஒரே குழுவில் ஆடுவர், நடுவர் இல்லை, தவறு செய்தவரே தம் தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது முறை. அது மணல்வெளி ஆட்டம். நாம் கூறுவது மரநிழல் ஆட்டம்.

மறுபக்கத்தையும் கூறாவிடில் நடுநிலை ஆகாது. தட்டெறி ஆட்டம் மரத்திற்கு ஊறே செய்யாது என்று நாம் வாதிடவில்லை. நாள்தோறும் பலர் மிதிக்கும் இடத்தில் மண் இறுகும். இறுகிய மண்ணில் மழைநீர் இறங்காது. வேர் மூச்சுவிட இயலாது. தொடக்க மேடையும் கூடையும் உள்ள இடங்களில் இக்கேடு மிகுதி. சரிவான நிலத்தில் மண் அரித்து வேர்கள் வெளிப்படும். மீண்டும் மீண்டும் தட்டு படும் அடிமரத்தில் பட்டை கிழியும். இளமரமாயின் பட்டுப்போகவும் கூடும். இவற்றிற்கு மாற்றும் கண்டுள்ளனர். கூடையின் இடத்தை அவ்வப்போது மாற்றுவர். மிதிபடும் இடத்தில் மரச்சீவல் பரப்புவர். அடிபடும் மரத்தைச் சுற்றிக் காப்பு கட்டுவர். காப்பதற்கு ஆள் இல்லாத இடத்தில் இவ்வாட்டம் வேண்டா என்பதே நம் கருத்து.

எந்தக் காட்டிலும் ஆடலாம் என்பதும் அன்று. எர்ணாகுளத்தின் நடுவே, உயர்நீதிமன்றத்திற்குப் பின்னே, மங்களவனம் உள்ளது. அதனை ஒட்டியே 1902 இல் கொச்சி அரசு இருப்புப்பாதை கொணர்ந்தபோது திறந்த பழைய எர்ணாகுளம் நிலையம் இருக்கின்றது. யானைகளின் பொன் நெற்றிப்பட்டங்களை விற்று மன்னர் அப்பாதைக்குப் பொருள் தேடினார் என்பர். வண்டிகள் நின்றுபோன அந்நிலையத்தைக் காணும்போது இருப்புப்பாதை ஊழியராகிய நமக்கு நெஞ்சு கனக்கின்றது. ஆயினும் அடுத்திருக்கும் அலையாத்திக் காட்டில் கொக்கும் நாரையும் கூடுகட்டி வாழ்கின்றன என்பதில் ஆறுதல். 2004 இல் அது பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது, பரப்பு 2.74 எக்டேர் மட்டுமே. அங்கே தட்டெறிதல் கூடாது. உரக்கப் பேசுதலும் கூடாது. பறவைக்கு உரிய காடு வேறு, பிள்ளைக்கு உரிய தோப்பு வேறு.

ஹெட்ரிக் 2002 ஆகஸ்டு 12 ஆம் நாள் காலமானார். அவர் விருப்பப்படி அவருடைய சாம்பலின் ஒரு பகுதியைப் பிளாஸ்டிக்குடன் கலந்து தட்டுகளாக வார்த்தனர். நாம் சாம்பலைக் காசியிலும் இராமேசுவரத்திலும் கரைக்கின்றோம். அம்மனிதர் தாம் இறந்த பின்னும் மரங்களிடையே பறக்க விரும்பினார். ஓக் குரோவ் பூங்காவிற்கு இன்று ஹஹமொங்னா என்று அந்நிலத்துப் பழங்குடி மக்களின் சொல்லால் பெயர் வழங்குகின்றது. முதற்களத்தின் நிலம் அங்கேயே உள்ளது. ஓக் மரங்களும் நிற்கின்றன.

இனி நம் தோட்டம். 60 சென்ட் நிலத்தில் 18 கூடைகளுக்கு இடமில்லை, மூன்றிற்கு உண்டு. வாயிற்படியிலிருந்து பெரிய அயினியின் இடப்புறமாக வளைந்து மதிலோரம் சேரும் வழி 35 கெசம். அங்கிருந்து இரு மாமரங்களுக்கு இடையே நேராக 25 கெசம். பலாவைச் சுற்றிக் கிணற்றுப்பக்கம் திரும்பும் வழி 40 கெசம். மூன்றையும் நாமே காலால் அளந்தோம். கிணற்றிற்கு வலை போடுதல் வேண்டும். தென்னைக்குக் கீழே எவரும் நிற்கலாகாது. தென்னை எறியும் காய்க்கு விதிநூல் இல்லை. பிள்ளைகளுக்கு முதலில் கற்பிக்க வேண்டியது, எதிரே ஆள் இருக்கும்போது தட்டை எறியலாகாது என்பதே.

கூடைக்கும் பெருஞ்செலவு இல்லை. பழைய சைக்கிள் சக்கரத்தின் வளையம் ஒன்றைக் குழாயின் உச்சியில் பொருத்தி, அதிலிருந்து இரும்புச் சங்கிலிகளைத் தொங்கவிட்டு, கீழே கம்பிக்கூடை ஒன்றைக் கட்டி, வர்ணம் வந்த டப்பாவில் சிமெண்ட் ஊற்றிக் குழாயை நிறுத்தினால் முடிந்தது. ஒன்று செய்து முடித்துவிட்டோம். மரத்தில் ஆணி அடிக்கவில்லை. இறகுப்பந்து வேண்டுவோரும் மனம் நோக வேண்டா. சமுதாயக்கூடத்தை மாலையில் வாடகைக்கு எடுத்து ஆடலாமா என்பதையும் அடுத்த பொதுக்குழுவில் ஆராயலாம். அதற்குள் அன்பர்கள் ஒருமுறையேனும் தோட்டத்திற்கு வந்து எறிந்து பார்த்தல் நன்று. மூன்று தட்டுகளும் சங்க நூலகத்து அலமாரியில் உள்ளன. ஞாயிறுதோறும் காலை 7 மணிக்குத் தோட்டக் கதவு திறந்திருக்கும்.